மலைப்பாதையில் மிதிவண்டி

கொங்கு நாட்டை மலைகள் வேலியிட்ட தோட்டம் என்று சொல்லலாம். வடமேற்கே நீலகிரி, மேற்கே வெள்ளியங்கிரி, தெற்கே ஆனைமலை என எத்திசையில் நோக்கினும் ஏதேனும் ஒரு மலைமுகடு கண்ணில் படும். விடுமுறை நாளொன்றில் மிதிவண்டியை எடுத்துக்கொண்டு அம்மலையடிவரை சென்றுவர வேண்டும் என்னும் ஆவல் மாணவப் பருவத்தில் எழுவது இயல்பே.

முதலாண்டில் படிக்கும்போது நானும் விடுதித் தோழர் இருவரும் அவ்வாறுதான் ஆனைகட்டிக்குப் புறப்பட்டோம். "முப்பது கிலோமீட்டர்தானே! இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம்" என்று பகலுணவு முடித்தபின் கிளம்பினோம். தடாகம்வரை கணக்குச் சரியாகவே இருந்தது. மாங்கரையைத் தாண்டியதும் அது பொய்த்தது. ஏற்றத்தில் பாதி வழி வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தோம். மேலே ஒரு தேநீர்க் கடையில் எங்களைக் கண்ட முதியவர், "கண்ணுகளா, பொழுதெறங்குனா யானை எறங்கற தடமுங்க இது. வெளிச்சமிருக்கையிலயே திரும்பிப் போயிருங்க" என்றார். நாங்கள் அதைப் பொருட்படுத்தாமல் அரைமணி நேரம் இளைப்பாறினோம். திரும்பிய கதையைப் பின்னர்க் கூறுகிறேன்.

மலைப்பாதையைக் கிலோமீட்டர்க் கல்லைக் கொண்டு மட்டும் அளத்தல் தவறு என்பதே அன்று நாங்கள் கற்ற பாடம். ஏற்றம் எவ்வளவு, காற்று எப்பக்கம், நேரம் எது என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்த பின்னரே வண்டியில் கால் வைக்க வேண்டும்.

ஏற்றத்தின் கணக்கு

ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ எடை என்று கொள்வோம். இந்த எடையை 1,000 மீட்டர் உயரத்திற்குக் கொண்டுசெல்ல 7,84,000 ஜூல் ஆற்றல் வேண்டும். இது ஏறத்தாழ 187 கிலோ கலோரி. நம் தசைகளோ உண்ட உணவின் ஆற்றலில் சுமார் நான்கில் ஒரு பங்கையே வேலையாக மாற்றுகின்றன. ஆகவே, ஏற்றத்திற்கு மட்டும் 750 கிலோ கலோரி அளவுக்கு உணவு செலவாகும். வயிற்றைக் காயவிட்டு மலையேறப் புறப்படுவது எத்துணை அறியாமை என்பது இதனால் விளங்கும்.

100 மீட்டர் தூரத்திற்கு 5 மீட்டர் உயரும் சாலையில், அந்த 80 கிலோவில் 4 கிலோ எடைக்கு ஈடான விசை நம்மைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். 8 மீட்டர் உயரும் சாலையில் அது 6 கிலோவைத் தாண்டிவிடும். சமதரையில் நல்ல சாலையில் சக்கரம் உருளுவதற்கான தடை அரைக் கிலோ அளவுதான். கண்ணுக்குச் சாதாரணமாகத் தோன்றும் மேடும் மூச்சு வாங்க வைப்பது இதனால்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-இல் ஓடத் தொடங்கிய மலை ரயிலே, கல்லாறு நிலையத்திற்குமேல் 12-க்கு 1 என்னும் சரிவில் பல்தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டுதான் ஏறுகிறது.

நாம் பற்றிக்கொள்ள இருப்பது வண்டியின் பல்சக்கரம். முன்னே 48 பல், பின்னே 16 பல் உள்ள வண்டியில் பெடலை ஒருமுறை சுற்றினால் பின்சக்கரம் மூன்று முறை சுழலும். 28 அங்குலச் சக்கரமாயின் வண்டி 6.6 மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். சமவெளிக்கு இது நன்று. மேட்டிலோ ஒவ்வொரு மிதியும் பாறையைத் தள்ளுவது போலிருக்கும். முன்னும் பின்னும் 28 பல்லாக மாற்றக்கூடிய கியர் வண்டியில் ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர்தான் நகரும். செய்ய வேண்டிய மொத்த வேலை குறைவதில்லை. தவணைகள் கூடுகின்றன, ஒவ்வொரு தவணையும் எளிதாகிறது. கியர் இல்லாத வண்டி வைத்திருப்போர் தள்ளிக்கொண்டு நடக்க வெட்கப்பட வேண்டியதில்லை. நடைக்கும் சேர்த்து நேரத்தை ஒதுக்கிக்கொண்டால் போதும்.

இறங்கும்போது என்ன ஆகிறது?

ஏறும்போது சேர்த்த அந்த 7,84,000 ஜூலும் இறங்கும்போது எங்கேனும் தீர்ந்தாக வேண்டும். காற்று ஒரு பகுதியை உண்ணும். மீதி முழுவதும் பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் இடையே வெப்பமாக மாறும். எனவே இறக்கத்திலேயே விபத்துகளுக்கு அஞ்ச வேண்டும். தேய்ந்த கட்டையுடன் மலையேறுதல் கூடாது. வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்குகளையும் சேர்த்துப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் திடீரென்று அழுத்தினால் சக்கரம் வழுக்கும். மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் ரப்பர்க் கட்டை சரிவரப் பிடிக்காது. அத்தகைய நேரத்தில் இறங்கி நடப்பதே அறிவுடைமை.

காற்றின் கணக்கு

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்தில் ஒரு வாயில் உண்டு. அதுவே பாலக்காட்டுக் கணவாய். ஜூன் முதல் செப்டம்பர்வரை தென்மேற்குப் பருவக்காற்று இவ்வாயில் வழியே புகுந்து கோவை, பொள்ளாச்சி, பல்லடம், உடுமலைப் பகுதிகளில் வீசுகிறது. பல்லடம், உடுமலை வட்டாரங்களில் காற்றாலைகள் நிற்பதும் இக்காற்றை நம்பியே. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், மிதிவண்டி எம்மாத்திரம்?

காற்றின் தடை, வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் அதே 15 கிலோமீட்டர் வேகக் காற்றை எதிர்கொண்டால், உடல் உணரும் காற்று 30 ஆகிறது. தடையோ நான்கு மடங்காகிறது. ஆதலால், பருவக்காற்றுக் காலத்தில் மேற்கு நோக்கிச் செல்லும் வழியைத் தேர்ந்தெடுத்தல் நலம். உடலில் தெம்பு இருக்கும் காலைவேளையில் எதிர்க்காற்றைக் கடந்துவிடலாம். களைத்துத் திரும்பும்போது அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும்.

வழிகள் நான்கு

எளிதிலிருந்து அரிதுக்குச் செல்லும் முறையில் நான்கு வழிகளைக் கூறலாம்.

முதலாவது, பேரூர் வழியாகச் சாடிவயல் செல்லும் சிறுவாணிச் சாலை. ஏறத்தாழ 30 கிலோமீட்டர். பேரூர்ப் பட்டீசுவரர் கோயிலைக் கடந்து, மாதம்பட்டி, ஆலாந்துறை, இருட்டுப்பள்ளம் என நொய்யல் பிறக்கும் திசையை நோக்கிச் செல்கிறோம். தென்னையும் பாக்கும் வாழையும் இருமருங்கும் தொடரும். ஏற்றம் மெல்ல மெல்ல வருவதால் புதியவர்க்கு ஏற்றது.

இரண்டாவது, நாங்கள் சென்ற ஆனைகட்டிச் சாலை. சமவெளி, குறுகிய மலையேற்றம், காடு ஆகிய மூன்றையும் அரை நாளில் காட்டிவிடும். 1990-இல் தொடங்கப்பெற்ற சாலிம் அலி பறவையியல் மையம் அமைந்திருப்பதும் ஆனைகட்டியில்தான்.

மூன்றாவது, மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி. 33 கிலோமீட்டரில் ஏறத்தாழ 1,450 மீட்டர் ஏற வேண்டும். குன்னூர்ச் சாலையில் கல்லாற்றுப் பாக்குத் தோப்புகளும் பர்லியாற்றுப் பழத்தோட்டமும் உண்டு. ஆயினும் அங்கே வண்டிகளின் நெரிசல் மிகுதி.

நான்காவது, பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியாக வால்பாறை, 64 கிலோமீட்டர். முதல் 24 கிலோமீட்டர் தென்னந்தோப்புகளிடையே செல்லும் இனிய சாலை. ஆழியாறு அணைக்கு மேல் 40 கொண்டைஊசி வளைவுகள். ஒன்பதாம் வளைவில் நின்று நோக்கினால் அணையின் நீர்ப்பரப்பும் அது வளமாக்கும் சமவெளியும் படம் விரித்தாற்போல் தெரியும். அருகிலுள்ள பாறைகளில் வரையாடுகளையும் காணலாம். தமிழ்நாடும் கேரளமும் 1970-இல் ஒப்பந்தம் செய்துகொண்ட பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தைப் பாடநூலில் படித்தவர்கள், மலைநீர் வயலுக்கு வரும் வழியை இங்கே கண்ணாரக் காணலாம். நன்கு பழகியவர்களே முழுத்தொலைவும் செல்ல வேண்டும். மற்றவர்கள் அணையோடு திரும்புதல் நன்று.

காட்டின் கணக்கு

இவ்வழிகள் அனைத்தும் யானைகள் நடமாடும் நிலத்தைத் தொட்டுச் செல்பவை. கல்லாற்றில் யானைகளின் வழித்தடம் மலைச்சாலையையே குறுக்கிடுகிறது. ஆனைமலை 2007-இலும் சத்தியமங்கலம் 2013-இலும் புலிகள் காப்பகங்களாக அறிவிக்கப்பட்டன. 27 கொண்டைஊசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைப்பாதையில் 2022 முதல் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. இவ்விதிகளை நமக்கு இடையூறு என்று எண்ணலாகாது. பகல் நமக்கு, இரவு அவற்றுக்கு. சாலை ஒன்றே ஆனாலும் முறை இரண்டு.

மிதிவண்டி ஓசையின்றிச் செல்வது. பறவையின் குரலைக் கேட்டுக்கொண்டே செல்லலாம் என்பது அதன் சிறப்பு. ஆனால் வளைவுக்கு அப்பால் நிற்கும் யானை நாம் வருவதை அறியாது. நாமும் அதை அறியோம். கண்டால் தொலைவிலேயே நின்று, மணியடிக்காமல், கூச்சலிடாமல் பின்வாங்க வேண்டும். அது கடந்து செல்லும்வரை காத்திருக்க வேண்டும். கைப்பேசியில் படமெடுக்க நெருங்குவோர் உயிரோடு விளையாடுகின்றனர்.

இனி, எங்கள் கதை. ஆனைகட்டியிலிருந்து நாங்கள் இறங்கியபோது மணி ஆறரை. தோழர் ஒருவரின் வண்டியில் பிரேக் கட்டை தேய்ந்து இரும்பு உரசத் தொடங்கியது. மூவரும் இறங்கி நடந்தோம். ஒரு வளைவில் நடுச்சாலையில் யானைச் சாணம் ஆவி பறக்கக் கிடந்தது. மூன்று மணி நேரத்திற்கு முன் நாங்கள் ஏறியபோது அது அங்கில்லை. மூங்கிற்புதருக்குள் கிளை முறியும் ஓசை கேட்டது. மூவரும் ஒரு சொல்லும் பேசவில்லை. மாங்கரைச் சோதனைச் சாவடியின் விளக்கைக் கண்ட பிறகே மூச்சு வந்தது. அந்த முதியவரின் சொல்லைக் கேட்டிருந்தால் அச்சமின்றித் திரும்பியிருப்போம்.

நண்பர்களே, மலைக்குச் செல்லுங்கள். விடியலில் புறப்படுங்கள், தனியே செல்லாதீர்கள். பிரேக் கட்டை, காற்றடிக்கும் பம்பு, பஞ்சர் ஒட்டும் பொருள், தண்ணீர், உணவு ஆகியவற்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சோதனைச் சாவடியில் வனத்துறையினரிடமும் வழியிலுள்ள ஊர்ப் பெரியவர்களிடமும் கேட்டறிந்து மேலே செல்லுங்கள். கொண்டுபோன தாளையும் புட்டியையும் திரும்பக் கொண்டுவாருங்கள். பிற்பகல் மூன்று மணிக்கு எங்கிருந்தாலும் வண்டியைத் திருப்பிவிடுங்கள். உச்சியை எட்டாமல் திரும்புவதில் இழிவொன்றும் இல்லை. மலை அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அங்கேயே இருக்கும். நாமும் இருக்க வேண்டும் அன்றோ?