கூடாரத்தைச் சுமப்பவர் யார்?

ஹட்டனில் இறங்கி மஸ்கெலியாப் பக்கத்து மலைகளில் இரவு தங்கப் புறப்படும் மாணவர்க்கு முதலில் எழும் வினா கூடாரத்தைப் பற்றியதே. கனத்த கித்தானா, ஒற்றைக் கம்பின்மேல் கூம்பாக நிற்கும் இலேசான நைலோன் துணியா?

கித்தானுக்குப் பெருமை உண்டு. நனைந்ததும் அதன் பருத்தி இழைகள் பருத்து மழைநீரைத் தடுத்துவிடும். பாரமும் கூடவே பெருகும். 1848இல் நுவரெலியாவில் குடியேறி மரை வேட்டையில் திளைத்த சாமுவேல் பேக்கர் துரைக்கு அப்பாரம் ஒரு பொருட்டன்று. மூட்டை சுமந்தவர்கள் கூலியாட்களல்லரோ!

அவருக்கு முற்பட்ட கண்டி அரசின் போர்வீரரோ தம் கூடாரத்தைத் தாமே சுமந்தனர். அது தாளிப்பனை ஓலை. ஒரு முழு ஓலை 15, 20 பேரை மழையிலிருந்து மறைக்கும். மடித்தால் விசிறிபோல் ஒடுங்கி மனிதன் கைப்பருமனே இருக்கும். வீரர் அதைத் துண்டுகளாக நறுக்கிக் கையிற்கொண்டு நடந்து, இரவில் அதன்கீழ் உறங்கினர். கண்டி நாட்டில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் சிறையிருந்த ரொபேர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில் இதனை வியந்துரைக்கின்றார்.

இன்று மரை வேட்டை சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. நமக்குச் சுமையாளும் இல்லை. ஆகவே நாம் இலேசான கூம்பின் பக்கமே. ஆயினும் குளிரிரவில் நம் மூச்சே அதன் உட்புறத்தில் நீராகத் துளிர்க்கும். உச்சித் திறப்பை மூடலாகாது. பலவற்றில் அடித்துணியும் இராது. இம்மலை அட்டைகளுக்கு அதைவிட வேறு அழைப்பிதழ் வேண்டுமோ? தனியே ஒரு விரிப்பும் ஒரு பொட்டலம் உப்பும் எடுத்துச் செல்க.