உங்களுக்குத் தெரியுமா? – கதவு, தாழ்ப்பாள், முகவரி

வாஸ்து, வீட்டுக் கடன் வட்டி, மாடித் தோட்டம் பற்றியெல்லாம் மற்றப் பக்கங்களில் நிறைய வருகிறது. இந்த முறை நாம் பேசப்போவது வீடே இல்லாதவர்களைப் பற்றி.

● மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடற்றவர்களை எண்ணுவதற்கு ஒதுக்கப்படுவது ஒரே ஓர் இரவு. 2011-ல் அது பிப்ரவரி 28. சாலையோரம், மேம்பாலத்தடி, மாடிப்படிக்கட்டின் கீழ், ராட்சத சிமென்ட் குழாய்க்குள், கோயில் மண்டபம், ரயில்வே பிளாட்பாரம் என்று தேடி எண்ணியதில் நாடு முழுக்கக் கிடைத்த கணக்கு 17.73 லட்சம் பேர். 2001-ல் இது 19.43 லட்சம். பரவாயில்லையே, குறைந்திருக்கிறதே என்று சொல்லிவிட முடியாது, கிராமங்களில்தான் குறைந்தது. நகரங்களில் 7.78 லட்சம் 9.38 லட்சமாகக் கூடிவிட்டது. அன்றிரவு மார்க்கெட்டில் லோடு இறக்கப் போனவரும், ரோந்து போலீஸ் விரட்டி வேறு தெருவுக்கு நகர்ந்தவரும் இந்த எண்ணிக்கையில் வந்தார்களா என்பது வேறு கதை. அடுத்த கணக்கெடுப்பு 2027-ல்.

● அதே 2011 கணக்கெடுப்பில் ‘காலி’ என்று குறிக்கப்பட்ட கட்டடங்கள் 2.47 கோடி. கடை, குடோன் எல்லாம் இதில் அடக்கம்தான். அதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தாலும் கணக்கு உதைக்கிறது.

● சென்னை பாரிமுனைப் பக்கம் பகலில் நடந்தால் குடும்பங்கள் வாழ்வது கண்ணில் படாது. கடைகளின் ஷட்டர் இறங்கிய பிறகுதான் அங்கே வீடு எழும்பும். கோணி, பாய், கொசுவலை, இரண்டு கம்பிக்கு நடுவே கட்டிய புடவை. விடியுமுன் சுருட்டி மூட்டையாக்கிச் சுவரோரம் ஒதுக்கிவிட வேண்டும். குளிக்கக் கட்டணக் கழிப்பிடம். இப்படியே பாட்டி, மகள், பேத்தி என்று மூன்று தலைமுறை ஓட்டியவர்கள் உண்டு. மழை வந்தால் முதலில் காப்பாற்றப்படுவது துணியோ பாத்திரமோ அல்ல. பாலிதீன் கவரில் சுற்றித் தலைமாட்டில் வைத்திருக்கும் ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ். அந்தக் கவர் போனால் அரசாங்கத்துக்கு அவர்கள் இல்லை.

● ‘காப்பகம் இருக்கிறதே, அங்கே போகலாமே?’ என்று நாம் சுலபமாகக் கேட்டுவிடுகிறோம். ஒரு லட்சம் நகர மக்களுக்கு ஒரு காப்பகம், ஆளுக்குக் குறைந்தது 50 சதுர அடி என்பது மத்திய அரசின் நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டம் வகுத்த விதி. ஆனால் பெரும்பாலான காப்பகங்கள் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. கணவன் ஒரு மூலை, மனைவி ஒரு மூலை, வயதுக்கு வந்த மகன் இன்னொரு மூலை என்று பிரிந்து போவதைவிட பிளாட்பாரமே மேல் என்று ஒரு குடும்பம் முடிவு செய்தால், அதைப் பிடிவாதம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

● இந்தியச் சட்டக் கல்லூரிகள் அத்தனையிலும் பாடமாக இருக்கும் ஒரு வழக்கின் வேர் சேலத்தில் இருக்கிறது.

வறட்சியில் வேலை போன நிலமற்ற கூலித்தொழிலாளி ஒருவர் 1961-ல் சேலத்திலிருந்து பம்பாய்க்குப் போனார். ஒரு ரசாயனக் கம்பெனியில் தினக்கூலி வேலை கிடைத்தது. நாளைக்கு 23 ரூபாய் என்கிறது வழக்குப் பதிவு. மேற்கு விரைவு நெடுஞ்சாலையின் நடைபாதையில் பிளாஸ்டிக் தாளும் கித்தானும் போட்ட ஒரு கூடாரத்துக்கு அந்த வட்டாரத் தாதா அவரிடம் கறந்தது 2,500 ரூபாய். கூலியை வைத்துக் கணக்குப் போட்டால் நூறு நாளுக்கு மேற்பட்ட உழைப்பு. நடைபாதை இலவசம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அங்கேதான் மனைவியோடும் மூன்று மகள்களோடும் குடித்தனம்.

1981 ஜூலை, கொட்டும் மழைக்காலம். நடைபாதைவாசிகளை அவரவர் ஊருக்கே அனுப்பிவைக்கப் போவதாக அப்போதைய முதல்வர் ஏ.ஆர்.அந்துலே அறிவித்தார். கூடாரம் பிரித்தெறியப்பட்டது, குடும்பம் சேலத்துக்குப் பஸ் ஏற்றப்பட்டது. மனைவியும் மகள்களும் ஊரிலேயே தங்கிவிட, அவர் மட்டும் வேலை தேடிப் பம்பாய்க்கே திரும்பினார். மறுபடியும் ஒரு நடைபாதைக் கூடாரம். வேலை இருக்கும் இடத்தில்தானே மனிதன் படுக்க முடியும்?

பத்திரிகையாளர் ஓல்கா டெலிஸ் உள்ளிட்டோர் தொடுத்த வழக்குடன் இந்தத் தொழிலாளியின் வழக்கும் சேர்ந்தே உச்ச நீதிமன்றத்தில் நடந்தது. 1985 ஜூலையில் தலைமை நீதிபதி ஒய்.வி.சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகள், பிழைப்புக்கான உரிமையும் உயிர் வாழும் உரிமையில் அடக்கம் என்று தீர்ப்பளித்தார்கள். ஆனால் நடைபாதையில் குடியிருக்கும் உரிமையைக் கொடுத்தார்களா? இல்லை. முறைப்படி நோட்டீஸ் கொடுத்து, மழைக்காலம் முடிந்ததும் அப்புறப்படுத்தலாம் என்றார்கள். 1976 கணக்கெடுப்பில் அடையாள அட்டை பெற்றவர்களுக்கு மட்டும் மாற்று இடம். அட்டை இல்லாதவர் மறுபடியும் தெருவில்தான். தத்துவத்தில் வென்று தரையில் தோற்ற வழக்கு என்றுதான் நான் இதைச் சொல்வேன்.

● சென்னைக் குடிசைவாசிகளுக்காக அதே காலத்தில் உச்ச நீதிமன்றம் போனவர் வழக்கறிஞர் கே.சந்துரு. பின்னாளில் உயர் நீதிமன்ற நீதிபதி. ‘ஜெய் பீம்’ படத்தில் சூர்யா நடித்தது இவருடைய பாத்திரத்தில்தான்.

● 2024 நவம்பர் 13 அன்று ‘புல்டோசர்’ வழக்கில் நீதிபதிகள் பி.ஆர்.கவாய், கே.வி.விஸ்வநாதன் சொன்னது: குற்றம் சாட்டப்பட்டவர் என்பதற்காக ஒருவர் வீட்டை இடிக்க முடியாது; இடிப்பதானால் குறைந்தது 15 நாள் நோட்டீஸ் வேண்டும். ஒருவர் மேல் கோபப்பட்டு வீட்டை இடித்தால் பாட்டியும் பச்சைக் குழந்தையும் சேர்ந்துதான் தெருவுக்கு வருகிறார்கள் என்பது நீதிமன்றம் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

● வெட்டவெளியில் தூங்குவதையே குற்றமாக்கிய சட்டம் ஒன்றை 1824-ல் இங்கிலாந்து கொண்டுவந்தது. நெப்போலியனை வென்று திரும்பிய சிப்பாய்கள் வேலையின்றித் தெருவில் கிடந்த காலம் அது. 1874-ல் இந்தியாவிலும் ஒரு சட்டம் வந்தது, ஐரோப்பிய நாடோடிகளுக்கென்றே தனியாக! வேலையற்று அலையும் வெள்ளைக்காரரைப் பிடித்து விடுதியில் அடைத்து, தேவைப்பட்டால் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஆளும் இனத்தில் ஒருவன் தெருவில் கிடந்தால் கௌரவம் என்னாவது?

● அந்தக் காலம் மலையேறிவிடவில்லை. ஹங்கேரி 2018-ல் பொது இடத்தில் வசிப்பதைத் தடைசெய்யத் தன் அரசியல் சட்டத்தையே திருத்தியது. அமெரிக்காவின் கிராண்ட்ஸ் பாஸ் என்ற சிறு நகரம், பூங்காவில் போர்வையோடு படுப்பவர்களுக்கு அபராதம் போட்டது செல்லும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2024 ஜூனில் 6-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

● லண்டனின் கேம்டன் பகுதியில் 2012-ல் ஒரு கான்கிரீட் பெஞ்ச் போட்டார்கள். உட்காரலாம், படுக்க முடியாத மாதிரி அங்கங்கே சரிவு. நம் ஊர்ப் பஸ் நிறுத்தங்களிலும் பெஞ்சுக்கு நடுவே கம்பித் தடுப்பு எதற்கு என்று யோசித்ததுண்டா?

● ஏழைகளோடு ஏழையாகச் சுற்றிய அனுபவத்தை ஜார்ஜ் ஆர்வெல் 1933-ல் புத்தகமாக எழுதினார். அதில் ஒரு தகவல்: லண்டனில் இரண்டு பென்ஸ் கொடுத்தால் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து, முன்னால் கட்டிய கயிற்றின் மேல் சாய்ந்தபடி தூங்கலாம். காலையில் ஆள் வந்து கயிற்றை அறுத்துவிடுவான்.

● வீட்டை யார் வடிவமைக்க வேண்டும்? குடியிருக்கப் போகிறவர்கள் என்றார்கள் பம்பாய் பைகுல்லாவின் நடைபாதைப் பெண்கள். ‘மகிளா மிலன்’ என்று சங்கம் சேர்ந்தவர்கள் 1986-ல் முழு அளவு மாதிரி வீடுகளையே கட்டிக் கண்காட்சி வைத்தார்கள். அளவு டேப் பழக்கமில்லையென்றால் என்ன, புடவை இருக்கிறதே, நீட்டிப் பிடித்து அளந்தார்கள். அவர்கள் கேட்டது 14 அடி உயரம். உயரத்தின் பாதியில் ஒரு பரண் போட்டால் கீழே சமையல், மேலே படுக்கை. என்ஜினீயருக்குத் தோன்றாத கணக்கு. கழிப்பறை மட்டும் அந்தச் சின்ன வீட்டுக்குள் வேண்டாம், சில வீடுகளுக்குப் பொதுவாக வெளியே இருக்கட்டும் என்றார்கள். இவர்களோடு தோள் கொடுத்து நின்ற ஜாக்கின் அற்புதம் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர்; பம்பாய்க் குடிசையில் வாழ்ந்து, குடிசைவாசிகளின் தேசிய அமைப்பைக் கட்டியவர். 2000-ல் மகசேசே விருதும் 2011-ல் பத்மஸ்ரீயும் இவரைத் தேடி வந்தன.

● வீடு இருந்தும் வீடற்றவர்கள் என்று ஒரு வகை உண்டு. இலங்கை மலையகத்தின் லயத்துக் காம்பரா அப்படித்தான். வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் வரிசையாகக் கட்டிய அறைகள். குடியிருப்பவர் தோட்டத் தொழிலாளி. நிலம் தோட்டத்துக்குச் சொந்தம். தலைமுறை தலைமுறையாக விளக்கேற்றிய வீட்டில் ஓர் ஆணி அடிக்கவும் அனுமதி கேட்க வேண்டிய நிலை. 1948-ன் சட்டம் குடியுரிமையையும் பறித்தது. 1964-ன் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கு போட்டது. மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரைப் பத்தாண்டு கழித்துச் சரிபாதியாகப் பிரித்தார்கள். அப்படி வந்தவர்களுக்காக 1968-ல் நீலகிரியில் தொடங்கப்பட்டதுதான் இன்றைய டேன்டீ தேயிலைத் தோட்டம். இங்கேயும் தோட்டத்துக் குடியிருப்புதான். ஓய்வு பெற்றதும் காலி செய்ய வேண்டும் என்ற விதியும் கூடவே வந்து சேர்ந்தது. கடல் தாண்டியும் லயம் விடவில்லை.

● வீடற்றோருக்கான உலக ஆண்டாக 1987-ஐ ஐ.நா. அறிவித்தது. அந்த யோசனையை 1980-ல் அங்கே முன்வைத்தவர் இலங்கைப் பிரதமர் ஆர்.பிரேமதாச. மேலே சொன்ன காம்பராக்கள் அப்போதும் அப்படியே இருந்தன.

● பாரீஸ் விமான நிலையத்தின் சிவப்பு பெஞ்சில் 18 ஆண்டு வாழ்ந்தார் ஈரானில் பிறந்த மெஹ்ரான் கரீமி நாசேரி. 1988-ல் அகதிக்கான தாள்கள் இல்லாமல் சிக்கிக்கொண்டவர். வேடிக்கை, 1999-ல் தங்குவதற்கான தாள்கள் கிடைத்த பிறகும் அவர் வெளியே போகவில்லை; அதில் இருப்பது தன் பெயர் அல்ல என்று கையெழுத்திட மறுத்துவிட்டார். இவர் கதையின் சாயலில்தான் ஸ்பீல்பெர்க்கின் ‘தி டெர்மினல்’ 2004-ல் வந்தது. 2006-ல் ஆஸ்பத்திரிக்குப் போனதோடு விமான நிலைய வாசம் முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். 2022-ல் தானாகவே அங்கே திரும்பி வந்து, சில வாரங்களில், நவம்பரில், விமான நிலையத்திலேயே இறந்துபோனார்.

● மனநோயோடு தெருவில் திரிந்த பெண்களுக்காக 1993-ல் சென்னையில் தொடங்கப்பட்டது ‘தி பேன்யன்’. சிகிச்சைக்குப் பின் பலர் சொந்த ஊர் திரும்பினார்கள். குடும்பம் ஏற்காதவர்களை என்ன செய்வது? ஆயுள் முழுக்க விடுதியா? 2015 வாக்கில் அவர்கள் எடுத்த முடிவு எளிமையானது: சாதாரணத் தெருவில் சாதாரண வாடகை வீடு, நாலைந்து பெண்கள் சேர்ந்து குடித்தனம், துணைக்கு ஒரு பணியாளர். இன்று குழம்பா ரசமா என்பதை மெனு அட்டை சொல்லாது, அவர்களே முடிவு செய்வார்கள். சந்தைக்குப் போவார்கள், பக்கத்து வீட்டுக்காரியோடு பேசுவார்கள், சண்டையும் போடுவார்கள். ‘ஹோம் அகைன்’ என்ற இந்தத் திட்டத்தை உலக சுகாதார நிறுவனம் 2021-ல் நல்ல முன்மாதிரிகளில் ஒன்றாகத் தன் வழிகாட்டி நூலில் சேர்த்தது.

● பின்லாந்து இதே பாடத்தை நாடு தழுவிச் செய்தது. ‘முதலில் குடியை விடு, வேலை தேடு, அப்புறம் வீடு தருகிறோம்’ என்ற வரிசையை 2008-ல் தலைகீழாக்கி, முதலில் சாவியைக் கையில் கொடுத்தார்கள். வாடகை ஒப்பந்தம் குடியிருப்பவர் பெயரில். வாடகை கட்ட அரசு உதவி. ஹெல்சின்கியில் 250 படுக்கை கொண்ட இரவு விடுதியைத் திருத்தி, எண்பது சொச்சம் தனி வீடுகளாக மாற்றினார்கள். எண்பதுகளின் இறுதியில் 18,000-க்கு மேல் இருந்த வீடற்றோர் 2023-ல் மூன்றரை ஆயிரத்துக்கும் கீழே வந்தார்கள். உதவித்தொகையில் கை வைத்த பிறகு 2024-ல் எண்ணிக்கை மறுபடி ஏறியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

● 2019 மே மாதம், லண்டன் லார்ட்ஸ் மைதானம். தெருவோரக் குழந்தைகளுக்கான கிரிக்கெட் உலகக் கோப்பையில் இங்கிலாந்தை வென்றது ‘தென்னிந்தியா’ அணி. அந்த அணியில் சென்னைப் பிள்ளைகள் இருந்தார்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்தே ஆடினார்கள். அடுத்த கோப்பை 2023-ல் சென்னையிலேயே நடந்தது.

● கடைசியாக ஒன்று, பலருக்குத் தெரியாதது. வீடற்றவர் வாக்காளர் பட்டியலில் சேர வீட்டு முகவரி ஆதாரம் கட்டாயமில்லை. படிவம் 6-ல் தான் படுக்கும் இடத்தை எழுதிக் கொடுத்தால் போதும். வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் நேரில் வந்து, அவர் அங்கேதான் தூங்குகிறாரா என்று பார்க்க வேண்டும். ஒரு முறை அல்ல, ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகள். பார்த்து உறுதி செய்துவிட்டால் முகவரிக்கென்று வேறு தாள் எதுவும் கேட்கக் கூடாது என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. உங்கள் தெருமுனையில் இரவு ஷட்டர் ஓரம் படுப்பவர் யாராவது இருந்தால், இதை அவரிடம் சொல்லுங்கள். முடிந்தால் படிவத்தை நிரப்பியும் கொடுங்கள்.