எழுதுகிறவர் ஒருவர், பார்க்கிறவர் ஒருவர்

வீட்டுக் கணக்கு நோட்டு பல வீடுகளில் தை மாதம் தொடங்கி மாசியில் நின்றுவிடும். எழுதுகிறவர் ஒருவர், புரட்டிப் பார்த்து, "காய்கறிக்கு இவ்வளவா?" என்று கேட்கிறவர் இன்னொருவர். நிற்காமல் என்ன செய்யும்?

ஸாப்ட்வேர் கம்பெனிகளிலும் இதே கதைதான். ஒரே புரோகிராமை எழுதுகிறவர்கள் இன்று ஒரே கூரையின் கீழ் இருப்பதில்லை. நாலு பேர் சென்னையில், மூன்று பேர் போலந்தில், மற்றவர்கள் கலிபோர்னியாவில். இவர்களை இணைக்க, செய்தி பரிமாற ஸ்லாக், வேலைகளைக் குறித்து வைக்க ஜிரா என்று எத்தனையோ சாதனங்கள். கம்பெனி பணம் கட்டி வாங்கிவிடுகிறது. வேலை செய்கிறவர்கள் மனசார எடுத்துக் கொள்ள வேண்டுமே!

1988-ஆம் வருஷத்திலேயே ஜோனதன் குரூடின் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் இதை ஆராய்ந்தார். கூட்டத்துக்கு நேரம் குறிக்கும் கம்ப்யூட்டர் காலண்டர் அவர் காட்டிய உதாரணம். கூட்டம் போடுகிற மானேஜருக்கு அது பரம சௌகரியம். ஆனால், தங்கள் நேரத்தையெல்லாம் அதில் ஒழுங்காகக் குறித்து வைக்கும் பாடு மற்றவர்களுக்கு. அவர்களுக்கு அதனால் என்ன லாபம்? அடுத்த வருஷமே பிரெட் டேவிஸ் என்பவர், சாதனம் சுலபமா என்பதைவிட, 'என் வேலைக்கு உதவுமா?' என்பதே பெரிது என்று அளந்து காட்டினார்.

2009-ல் கூகிள் 'வேவ்' என்று ஒன்றைத் தடபுடலாக அறிவித்தது. நீங்கள் ஒவ்வோர் எழுத்தாக அடிப்பதை எதிராளி உடனுக்குடன் பார்க்கலாம். தப்பாக அடித்து அழிப்பதையும்கூட! யார் கேட்டார்கள் இந்த வசதியை? 2010 ஆகஸ்டில் அதை வளர்ப்பதை நிறுத்திவிட்டார்கள்.

ஸ்லாக்கின் ஜாதகம் வேறு. 'கிளிட்ச்' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டைத் தயாரித்த கோஷ்டியில் சிலர் கனடாவின் வான்கூவரில், சிலர் ஸான் பிரான்ஸிஸ்கோவில். தங்களுக்குள் பேசிக் கொள்வதற்காகப் பழைய அரட்டை முறை ஒன்றுக்கு ஒட்டுப் போட்டுக் கொண்டே வந்தார்கள். 2012-ல் விளையாட்டு மூடப்பட்டது. ஒட்டுப் போட்ட அனுபவத்திலிருந்து பிறந்த ஸ்லாக் 2014-ல் வெளிவந்தது. சமைத்தவர்களே முதலில் சாப்பிட்டுப் பார்த்த சமையல்!

அதிலும் ஒரு சங்கடம் உண்டு. ஆள் இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி! கோடையில் கலிபோர்னியாவில் காலை ஒன்பது மணி என்றால் சென்னையில் இரவு ஒன்பதரை. குழந்தையைத் தூங்கப் பண்ணிக் கொண்டிருப்பவளின் பெயர் அருகே புள்ளி எரிந்தால், "இருக்கிறாயா?" என்று ஒரு கேள்வி வந்து விழுகிறது. 'தொந்தரவு செய்யாதே' என்ற வசதியும் அதிலேயே இருக்கிறது. அதை எத்தனை மணிக்குப் போட்டுக் கொள்ளலாம் என்று, சாதனத்தை வாங்கும்போதே கூடிப் பேசி முடிவு செய்துகொண்ட குழுக்களும் உண்டு.