சிக்கிய தோட்டா சொல்லும் சேதி

25 மீட்டர் தொலைவில் வரிசையாக 5 இலக்குகள். விளையாட்டாளர் துப்பாக்கியைக் கீழ்நோக்கிப் பிடித்தபடி காத்திருக்கிறார். பச்சை விளக்கு எரிந்ததும் கையை உயர்த்தி, இலக்குக்கு ஒன்றாக 5 முறை சுட வேண்டும். முதலில் அதற்கு 8 விநாடி கிடைக்கும். அடுத்து 6 விநாடி. கடைசியில் வெறும் 4 விநாடி. ஒலிம்பிக்கில் 1896ஆம் ஆண்டிலேயே இடம்பெற்ற அதிவேகக் கைத்துப்பாக்கிப் போட்டி இப்போது இப்படித்தான் நடக்கிறது.

இரண்டு தோட்டாக்கள் வெடித்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது முறை டிரிகரை இழுத்தால் சத்தமே இல்லை. துப்பாக்கி சிக்கிக்கொண்டது. அந்த நொடியில் நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

பலரும் துப்பாக்கியைக் குலுக்குவார்கள், இழுத்துப் பார்ப்பார்கள், தட்டுவார்கள். போட்டி விதியோ வேறு மாதிரிச் சொல்கிறது. துப்பாக்கியின் முனை இலக்குப் பக்கமே இருக்க வேண்டும். எதையும் தொடாமல் மறுகையை உயர்த்த வேண்டும். அதிகாரி வந்து பார்ப்பார். கோளாறு துப்பாக்கியிலோ தோட்டாவிலோ இருந்தால் அந்தச் சுற்றை மீண்டும் சுட வாய்ப்பு உண்டு. பாதுகாப்புப் பொத்தானை விடுவிக்க மறந்திருந்தாலோ, தோட்டாவே போடாமல் இருந்தாலோ அது விளையாட்டாளரின் தவறு. சுடாத தோட்டாக்களுக்குப் புள்ளி கிடைக்காது.

தடயத்தைக் கலைக்காதே என்பதுதான் இந்த விதியின் பொருள். சிக்கிய தோட்டா எந்த நிலையில் நிற்கிறது என்பதே, அது ஏன் சிக்கியது என்பதற்கு முதல் சாட்சி. அதைப் படிக்கக் கொஞ்சம் இயற்பியல் தெரிந்தால் போதும்.

1.3 ஜூல் வேலைக்காரன்

இத்தகைய போட்டிகளில் பயன்படுவது பாயின்ட் 22 தோட்டா. அதன் விட்டம் ஏறக்குறைய 5.6 மில்லிமீட்டர். முழு நீளமும் ஓர் அங்குலத்தைத் தாண்டாது. பித்தளைக் கூடு, அதனுள் வெடிமருந்து, முனையில் 2.6 கிராம் எடையுள்ள ஈயக் குண்டு. அவ்வளவுதான்.

ஒவ்வொரு முறை சுட்டதும் காலிக் கூட்டை வெளியே எறிந்துவிட்டு அடுத்த தோட்டாவைத் தானே உள்ளே தள்ளிக்கொள்வதுதான் தானியங்கிக் கைத்துப்பாக்கியின் சிறப்பு. அதில் மோட்டார் கிடையாது, மின்கலமும் கிடையாது. பிறகு அந்த வேலையைச் செய்வது யார்? நியூட்டனின் மூன்றாம் விதி!

குண்டு முன்னே பாயும்போது, காலிக் கூடு அதே உந்தத்துடன் பின்னே தள்ளப்படுகிறது. கூடு தன் பின்னால் இருக்கும் ஸ்லைடு என்ற இரும்புப் பகுதியைத் தள்ளுகிறது. நான்காம் படிவ இயற்பியலில் படித்த உந்தச் சூத்திரத்தை இங்கே போட்டுப் பாருங்கள். குண்டின் வேகம் விநாடிக்கு 280 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், உந்தம் 0.0026 x 280 = 0.73. ஸ்லைடின் எடை 200 கிராம் என்றால், அது விநாடிக்கு 3.6 மீட்டர் வேகத்தில் பின்னோக்கி நகரத் தொடங்கும்.

இனி இயக்க ஆற்றலைக் கணக்கிடுங்கள். குண்டுக்குக் கிடைத்தது ஏறக்குறைய 100 ஜூல். ஸ்லைடுக்குக் கிடைத்தது சுமார் 1.3 ஜூல் மட்டுமே! உந்தம் சமமாக இருந்தாலும் ஆற்றல் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. எடை குறைந்த குண்டே ஆற்றலில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது.

1.3 ஜூல் என்பது அரை லிட்டர் தண்ணீர்ப் போத்தலை 26 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தூக்கும் ஆற்றல்தான். இந்தச் சிறு தொகையைக் கொண்டு கூட்டை உருவ வேண்டும், வெளியே எறிய வேண்டும், சுருள்வில்லை அமுக்க வேண்டும். அமுங்கிய வில் விரியும்போதுதான் புதுத் தோட்டா உள்ளே போகும். கையில் இருப்பதே 1.3 ஜூல் என்றால், அதில் கொஞ்சம் உராய்வுக்குப் போனாலும் வரவு செலவு உதைக்கும். அப்படி உதைக்கும் இடத்தில்தான் தோட்டா சிக்குகிறது.

நான்கு தடயங்கள்

முதல் தடயம்: காலிக் கூடு பாதி வெளியே வந்து, ஸ்லைடின் வாயில் புகைபோக்கி மாதிரி செங்குத்தாக நிற்கிறது. கூடு அறையிலிருந்து உருவப்பட்டுவிட்டது, ஆனால் எறியப்படவில்லை. ஸ்லைடு போதுமான வேகத்தில் பின்னே வரவில்லை என்று பொருள். தோட்டா வலுக் குறைந்ததாக இருக்கலாம். அழுக்கு உராய்வைக் கூட்டியிருக்கலாம். கூட்டைத் தட்டிவிடும் சிறு முட்டு தேய்ந்திருக்கலாம். சுட்டவரின் பிடி தளர்ந்திருக்கவும் கூடும்.

பிடிக்கும் இதற்கும் என்ன தொடர்பு? பந்துமுனைப் பேனாவின் சுருள்வில்லை இரு விரல்களுக்கு நடுவே வைத்து ஒரு பக்கம் தள்ளுங்கள். மறுவிரல் உறுதியாக நின்றால் வில் அமுங்கும். மறுவிரலும் கூடவே விலகிப் போனால் வில் அமுங்காது. கைத்துப்பாக்கியிலும் அப்படியே. மணிக்கட்டு தளர்ந்திருந்தால் ஸ்லைடோடு சேர்ந்து துப்பாக்கியின் உடலும் பின்னே போகும். இரண்டுக்கும் இடையிலான நகர்வு குறைந்துவிடும்.

இரண்டாம் தடயம்: சுட்ட கூடு அறைக்குள்ளேயே இருக்கிறது. கூட்டின் விளிம்பைப் பற்றி இழுக்கும் சிறு கொக்கியின் அடியில் கரி சேர்ந்திருக்கலாம், அல்லது கொக்கி மழுங்கியிருக்கலாம். இந்த வகைக் குண்டுகளுக்கு மெழுகோ மசகோ பூசியிருப்பார்கள். அதுவும் ஈயத் துகளும் புகைக் கரியும் சேர்ந்து அறைச் சுவரில் பசை போலப் படியும். நிறைய எண்ணெய் விட்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். அளவுக்கு மீறிய எண்ணெய் கரியைப் பிடித்து வைத்துக்கொண்டு சிக்கலைக் கூட்டும்.

மூன்றாம் தடயம்: புதுத் தோட்டா மேலே வராமல், மூக்கு இடித்து நிற்கிறது. இங்கே முதல் சந்தேகம் தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசின் பெட்டியின் மேல்தான். இதற்குப் பின்னால் ஒரு வரலாறும் உண்டு. பாயின்ட் 22 லாங் ரைஃபிள் தோட்டா 1887இல் வந்தது. அதைச் சுடும் புகழ்பெற்ற தானியங்கிக் கைத்துப்பாக்கிகளுள் ஒன்றான கோல்ட் நிறுவனத்தின் கைத்துப்பாக்கி 1915இல்தான் விற்பனைக்கு வந்தது. ஆக, இந்தத் தோட்டாவை உருவாக்கியவர்கள் மனத்தில் மேகசினே முதன்மையாக இருக்கவில்லை. கூட்டின் அடியில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பே அதற்குச் சாட்சி. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது, மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் மாட்டிக்கொண்டால் மேல் தோட்டா முன்னே நகரவே முடியாது. மேகசினின் வாயில் உள்ள மெல்லிய தகடு சற்றே வளைந்திருந்தாலும் தோட்டா தவறான கோணத்தில் எழும்பும். கீழே விழுந்த மேகசினைப் பயிற்றுநர்கள் சந்தேகத்தோடு பார்ப்பது அதனால்தான்.

நான்காம் தடயம்: எல்லாம் சரியாக இருக்கிறது, ஊசி அடித்த தழும்பும் விளிம்பில் தெரிகிறது, ஆனால் வெடிக்கவில்லை. இந்த வகைத் தோட்டாவில் தீமூட்டும் கலவை அடிப்பகுதியின் நடுவில் இல்லை. உள்விளிம்பைச் சுற்றி மெல்லிய வளையமாக இருக்கிறது. தயாரிக்கும்போது கூட்டைச் சுழற்றித்தான் கலவையை விளிம்புக்குள் செலுத்துகிறார்கள். எங்காவது ஓரிடத்தில் கலவை சரியாகப் படியாமல் போய், ஊசியும் அதே இடத்தில் அடித்தால் தீப்பொறி கிளம்பாது. தழும்பு ஆழமாக இருந்தால் தோட்டாவைச் சந்தேகிக்கலாம். தழும்பு மேலோட்டமாக இருந்தால் ஊசியையோ அதன் வில்லையோ சந்தேகிக்க வேண்டும்.

சத்தமில்லாததே ஆபத்து

வெடிக்காத தோட்டா செத்த தோட்டா அல்ல. சில வேளைகளில் கலவை மெல்லப் புகைந்து, சிறிது தாமதமாக வெடிக்கும். எனவே துப்பாக்கியை இலக்குப் பக்கமே பிடித்தபடி காத்திருக்க வேண்டும். குறைந்தது 30 விநாடியாவது பொறுக்கச் சொல்வது வழக்கம். என்ன ஆயிற்று என்று குழலுக்குள் எட்டிப் பார்ப்பது உயிரோடு விளையாடுவது.

இதைவிடக் கள்ளத்தனமானது இன்னொன்று. 'டப்' என்ற வழக்கமான சத்தத்துக்குப் பதில் 'புஸ்' என்று கேட்கிறது. குண்டு வெளியேறாமல் குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால், இரண்டாவது குண்டு முதல் குண்டில் மோதும். குழல் புடைக்கும், வெடிக்கவும் கூடும். சத்தத்தில் வேறுபாடு கேட்ட உடனே நிறுத்துவதுதான் ஒரே வழி.

குற்றவாளியைப் பிடிப்பது எப்படி?

தடயம் சந்தேகத்தைத்தான் தரும், தீர்ப்பைத் தராது. தீர்ப்புக்குச் சோதனை வேண்டும். ஒரு துப்பாக்கி 50 தோட்டாவுக்கு ஒருமுறை சிக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பலர் செய்வது என்ன? துப்பாக்கியைத் துடைப்பார்கள், எண்ணெய் விடுவார்கள், மேகசினை மாற்றுவார்கள், வேறு தோட்டாவும் வாங்குவார்கள். கோளாறு நின்றாலும் எதனால் நின்றது என்று தெரியாது. அடுத்த முறை மறுபடியும் ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும்.

நல்ல பயிற்றுநர் மேகசின்களுக்கு 1, 2, 3 என்று எண் எழுதுவார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவார். ஒவ்வொரு சிக்கலையும் நோட்டில் குறிப்பார். சிக்கல் மேகசின் 2இன் பின்னாலேயே போகிறதா? எந்த மேகசின் போட்டாலும் வருகிறதா? ஒருவர் சுடும்போது மட்டும் வருகிறதா? பள்ளி ஆய்வுக்கூடத்தில் நீங்கள் எழுதும் மாறும் காரணி, மாறாக் காரணி என்பவை இவையே.

இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. மேகசினை மாற்றிய பிறகு 50 தோட்டா சுட்டார், ஒன்றும் சிக்கவில்லை. கோளாறு தீர்ந்ததா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50க்கு 1 என்றால், ஒரு தோட்டா சிக்காமல் போகும் வாய்ப்பு 0.98. எதையுமே சரிசெய்யாமல் விட்டிருந்தாலும் 50 தோட்டாவும் சிக்காமல் போகும் வாய்ப்பு 0.98ஐ 50 முறை பெருக்கினால் வருவது, அதாவது 0.36. மூன்றில் ஒன்றுக்கும் மேல்! அந்த நல்ல நாள் வெறும் அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். அதே கணக்கை 150 தோட்டாவுக்குப் போட்டால் வாய்ப்பு 0.05க்கும் கீழே இறங்கிவிடும். 150 தோட்டா சிக்கல் இல்லாமல் போனால்தான் ஓரளவு நம்பலாம். சிக்கல் எவ்வளவு அரிதோ, அது தீர்ந்தது என்று சொல்ல அவ்வளவு அதிகச் சோதனை வேண்டும்.

சில நிமிடங்களின் விலை

இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. தோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஜூலை 25ஆம் தேதி, 19 வயது இந்திய வீராங்கனை மனு பாக்கர் 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கித் தகுதிச் சுற்றில் சுட்டுக்கொண்டிருந்தார். நடுவே துப்பாக்கியில் கோளாறு. காற்றுத் துப்பாக்கியில் வெடிமருந்து கிடையாது. அதன் கோளாறுகளும் வேறு வகை. ஆனால் கடிகாரம் யாருக்கும் நிற்பதில்லை. பழுது பார்த்துத் திரும்புவதற்குள் விலைமதிப்பில்லாத நிமிடங்கள் போய்விட்டன. 575 புள்ளியுடன் 12ஆம் இடம். இறுதிச் சுற்றுக்கு 2 புள்ளிதான் குறை. மூன்று ஆண்டு கழித்து, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அவர் இரண்டு வெண்கலப் பதக்கங்கள் வென்றார்.

நம் நாட்டுக்கும் இந்த விளையாட்டில் இடம் உண்டு. 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில், 25 மீட்டர் கைத்துப்பாக்கிப் பிரிவில் மலேசியாவின் அலியா சசானா அசஹாரி வெண்கலம் வென்றார். பதக்கத்துக்குப் பின்னால் குறி பார்க்கும் கண் மட்டும் இல்லை. இயந்திரத்தை நம்பகமாக வைத்திருக்கும் பொறுமையும் இருக்கிறது.

ஒன்றை மறக்க வேண்டாம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது மட்டுமல்ல, ஒரே ஒரு தோட்டா வைத்திருப்பதும் கடுங்குற்றம். இந்த விளையாட்டில் ஆர்வம் இருந்தால் அங்கீகாரம் பெற்ற சுடுதளத்தில், பயிற்றுநரின் கண்பார்வையில்தான் தொடங்க வேண்டும். பழுது பார்ப்பதும் அவர்கள் வேலை.

செய்து பாருங்கள்

இந்தச் சோதனைக்குத் துப்பாக்கி வேண்டாம், ஒரு தாயக்கட்டை போதும். 1 முதல் 6 வரை புள்ளியுள்ள கட்டையை 6 முறை உருட்டுங்கள். 6 விழுந்தால் 'சிக்கியது' என்று குறியுங்கள். இப்படி 30 சுற்று செய்யுங்கள். ஒருமுறை கூட 6 விழாத சுற்றுகள் எத்தனை? கணக்குப்படி மூன்றில் ஒரு பங்கு, அதாவது 10ஐ ஒட்டி வர வேண்டும். அந்தப் பத்துச் சுற்றிலும் கட்டையை யாரும் பழுது பார்க்கவில்லை. அடுத்த முறை வீட்டு அச்சுப்பொறியோ சைக்கிள் சங்கிலியோ 'தானாகச் சரியாகிவிட்டது' என்று யாராவது சொன்னால், எத்தனை முறை ஓட்டிப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள்.