மெய்நிகர் வன்பொருளைக் கண்டறிதல்

மெய்நிகர் வன்பொருளைக் கண்டறிதல் என்பது, ஒரு மென்பொருள் தான் இயங்குவது உண்மையான கணினியிலா, மற்றொரு கணினிக்குள் உருவாக்கப்பட்ட மெய்நிகர் கணினியிலா என்பதை அறியும் முறைகளைக் குறிக்கும். மெய்நிகர் கணினியை உருவாக்கி நடத்தும் மென்பொருள் ஹைப்பர்வைசர் எனப்படும். விஎம்வேர், வர்ச்சுவல்பாக்ஸ், கேவிஎம், ஹைப்பர்-வி ஆகியவை பரவலாக அறியப்பட்டவை.

தேவை

நச்சுநிரல்களை ஆராய்பவர்கள் அவற்றை முதலில் மெய்நிகர் கணினியில் ஓடவிட்டே கவனிக்கின்றனர். கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக வலையமைப்போடு இணைந்த கணினி ஒன்றில் நச்சுநிரல் இருந்ததை இந்திய அணுமின் கழகம் 2019 அக்டோபர் 30 அன்று ஒப்புக்கொண்டது. உலையின் கட்டுப்பாட்டு அமைப்புகள் பாதிக்கப்படவில்லை என்றும் அறிவித்தது. இத்தகைய மாதிரிகளைப் பாதுகாப்பாகப் பிரித்துப் பார்க்கும் இடம் மெய்நிகர் கணினியே. அதனால், சோதனைச் சூழலை உணர்ந்ததும் எதுவும் செய்யாமல் அடங்கிவிடும் வகையில் பல நச்சுநிரல்கள் எழுதப்படுகின்றன. 2017 மே மாதம் பரவிய வன்னாக்ரை, யாரும் பதிவு செய்யாத ஓர் இணைய முகவரியைத் தேடிப் பார்த்தது; பதில் வந்தால் நின்றுவிடும். எந்த முகவரிக்கும் பதில் தரும் சோதனைச் சூழலை அடையாளம் காணவே இவ்வாறு எழுதப்பட்டிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். ஆய்வாளர் ஒருவர் அம்முகவரியைப் பதிவு செய்ததும் பரவல் தணிந்தது.

உரிமம் சரிபார்க்கும் மென்பொருள்களும் இதையே பார்க்கின்றன. சிவகாசி, திருத்தங்கல் போன்ற ஊர்களின் அச்சகம் ஒன்று, பழைய விண்டோசுக்கு எழுதிய மென்பொருளை மெய்நிகர் கணினிக்கு மாற்றினால், வன்பொருள் அடையாளம் மாறியதால் உரிமம் செல்லாமல் போகக்கூடும்.

தடயங்கள்

எளிய வழி பெயரைக் கேட்பது. வர்ச்சுவல்பாக்சில் கணினித் தயாரிப்பாளர் பெயராக 'இன்னோடெக்' என்று வரும். அந்த ஜெர்மானிய நிறுவனம் 2008இல் சன் நிறுவனத்திடமும், பின்னர் ஆரக்கிளிடமும் கைமாறியபோதும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வலையமைப்பு அட்டையின் மேக் முகவரி 08:00:27 என்று தொடங்கினால் வர்ச்சுவல்பாக்ஸ் என்றும், 52:54:00 என்று தொடங்கினால் கியூஎமு அல்லது கேவிஎம் என்றும் ஊகிக்கலாம். இவற்றை அமைப்புகளில் மாற்றிவிட முடியும் என்பதால் இவை உறுதியான சான்றுகள் அல்ல.

செயலியிடமே கேட்பது அடுத்த வழி. சிபியுஐடி கட்டளையின் விடையில், ஹைப்பர்வைசர் இருந்தால் 1 ஆகும் பிட் ஒன்று ஒதுக்கப்பட்டுள்ளது. லினக்சில் சிஸ்டம்டி-டிடெக்ட்-விர்ட் என்ற கட்டளை, இதையும் வேறு தடயங்களையும் சேர்த்துப் பார்த்து ஒரே சொல்லில் விடை தருகிறது.

2004இல் யோவானா ருத்கோவ்ஸ்கா வெளியிட்ட 'ரெட் பில்' ஒரே கட்டளையில் வேலையை முடித்தது. குறுக்கீடுகளைக் கையாளும் அட்டவணை நினைவகத்தில் எங்கே உள்ளது என்று கேட்கும் கட்டளை அது. அன்றைய ஹைப்பர்வைசர்கள் அந்த அட்டவணையை வேறிடத்தில் வைத்திருந்ததால் குட்டு வெளிப்பட்டது. நிலையை வெளிப்படுத்தும் கட்டளைகள் அனைத்தும் ஹைப்பர்வைசரிடம் சிக்க வேண்டும் என்று போபெக், கோல்ட்பர்க் இருவரும் 1974இலேயே கூறியிருந்தனர். இன்டெல் பென்டியத்தில் அவ்வாறு சிக்காத 17 கட்டளைகள் இருப்பதை 2000ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று காட்டியது. செயலிகளே மெய்நிகராக்கத்துக்கு ஆதரவு அளிக்கத் தொடங்கியபின் ரெட் பில் பயனற்றுப் போனது.

நேரத்தை மறைப்பது கடினம். இன்டெல் செயலிகளில் மெய்நிகர் கணினிக்குள் இருந்து சிபியுஐடி அழைக்கப்படும் ஒவ்வொரு முறையும் கட்டுப்பாடு ஹைப்பர்வைசருக்குச் சென்று திரும்புகிறது. எனவே அது பல மடங்கு தாமதமாகிறது. கடிகாரத்தையும் ஹைப்பர்வைசர் திருத்திக் காட்டலாம், ஆனால் எல்லா இடத்திலும் பிசகாமல் பொய் சொல்வது நடைமுறையில் இயலாது.

தவறான முடிவுகள்

அண்ணா பல்கலைக்கழகம் 2020 செப்டம்பரில் இறுதிப் பருவத் தேர்வை இணையவழியில் நடத்தியது போன்ற சூழல்களில் இக்கண்டறிதல் மாணவர்களையும் தொடுகிறது. சேஃப் எக்சாம் பிரவுசர் போன்ற தேர்வு மென்பொருள்கள் இயல்பாக மெய்நிகர் கணினியில் இயங்க மறுக்கின்றன. இன்றைய விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் பாதுகாப்புக்காக விண்டோசுக்கு அடியிலேயே ஹைப்பர்வைசர் இயங்குகிறது. பிட்டை மட்டும் பார்க்கும் மென்பொருள், எந்தத் தவறும் செய்யாத மாணவரின் சொந்த மடிக்கணினியையும் மெய்நிகர் என்றே கருதும். புதிய மெய்நிகர் கணினிகளை உருவாக்கும் உரிமை இந்த விண்டோசுக்கு உண்டா என்று ஹைப்பர்-வியிடம் சிபியுஐடி வழியாகவே கேட்கலாம். பொதுவாக, வன்பொருளில் நேரடியாக நிறுவப்பட்ட விண்டோசுக்கே அந்த உரிமை தரப்படுகிறது.