சுருட்டின் உருவும் மணமும்

இலையைச் சுருட்டிச் செய்வதால் நம் முன்னோர் சுருட்டு என்றனர். அச்சொல்லையே ஐரோப்பியர் 'செரூட்' என வழங்கலாயினர். 1887-இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், சிந்திய சாம்பலைக் கொண்டே கொலையாளி திருச்சிராப்பள்ளிச் சுருட்டுப் பிடிப்பவன் என்று துப்பறிவாளர் தெளிகிறார். திருவனந்தபுரத்துக் கருவூலமும் புகையிலையை நன்கறியும். யாழ்ப்பாணப் புகையிலை வாணிகம் திருவிதாங்கூர் அரசின் தனியுரிமையாயிருந்து, மாதவராவ் திவானாயிருந்த காலத்தில் (1858–1872) நீக்கப்பட்டது.

எனினும் உயர்ந்த சுருட்டு என்றதும் உலகோர் கியூபாவையே கருதுகின்றனர். காரணம் யாது? அத்தீவின் மேற்கிலுள்ள பினார் டெல் ரியோ மாகாணத்தில், மேலிலைக்குரிய செடிகளைத் துணிப்பந்தலின் கீழ் வளர்க்கின்றனர். கடுவெயில் படாமையால் இலை மென்மையாகிறது. பின்னர் உலர்த்திய இலைகளை அடுக்கிப் புழுங்க வைக்கின்றனர். காரம் தணிந்து மணம் கனிகிறது. உள்ளிலைகளைக் கட்டிலையால் பிணித்து, மேலிலையால் போர்த்துவது கைத்திறனே.

நல்ல சுருட்டின் மேனி ஒரே நிறமாய், எண்ணெய்ப் பளபளப்புடன் விளங்கும். விரலால் மெல்ல அழுத்தினால் இணங்கி மீளும். கட்டியோ பள்ளமோ தட்டுப்படாது. நம் திருச்சிச் சுருட்டு இருமுனையும் திறந்தது. கியூபச் சுருட்டின் வாய்முனையோ மூடியிருக்கும், அதனை அரிந்தே பற்றவைப்பர். சீராக எரிந்து, உதிராத சாம்பலை விடும். மரம், காப்பி, பதனிட்ட தோல் ஆகியவற்றின் சாயல்களைச் சுவைஞர் அதில் காண்பர். புகையை நெஞ்சுக்குள் இழுக்காமல் வாயிலேயே நிறுத்திச் சுவைப்பது வழக்கம்.

ஆகவே தீங்கில்லை என்று பலர் எண்ணுகின்றனர். அது பிழை. வாயில் தங்கும் புகையே வாய்ப்புற்றுக்கு வித்தாகிறது. இலை உயர்ந்ததாயினும் நஞ்சு நஞ்சே. 1981-இல் திருவனந்தபுரத்தில் தோன்றிய வட்டாரப் புற்றுநோய் மையம், 1996 முதல் இம்மாவட்டத்தில் ஓர் ஆய்வு நடத்திற்று. பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடுதோறும் சென்று மக்களின் வாயைப் பார்வையிட்டனர். 2005-இல் வெளியான முடிவின்படி, புகையிலையோ மதுவோ பழகியவரிடையே வாய்ப்புற்றால் நேரும் இறப்பு ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்தது. இதற்குப் பெரிய கருவி வேண்டியதில்லை. நல்ல வெளிச்சமும் தேர்ந்த கண்ணும் போதும்.

ஆகவே சுருட்டியவரின் கைத்திறனை வியப்போம், பழக்கத்தை விலக்குவோம். வாயில் ஆறாத புண்ணோ, வெண்மையான அல்லது சிவந்த தழும்போ தோன்றினால், காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் காட்டுவோம்.