சட்டையும் சட்டமும்

கடையில் சட்டை வாங்குகிறோம். துணியைத் தடவிப் பார்க்கிறோம். விலையைக் கேட்கிறோம். தைத்தவர் யார் என்று கேட்பது இல்லை. உலகத்தையே அப்படிக் கேட்க வைத்தது ஒரு கோர விபத்து.

வங்காளதேசத்தின் தலைநகரம் டாக்கா. அதன் அருகே சாவர் என்ற ஊர். அங்கே "ராணா பிளாசா" என்ற 8 மாடிக் கட்டிடம் இருந்தது. கீழே கடைகளும் ஒரு பாங்கியும். மேலே 5 ஆயத்த ஆடை ஆலைகள். கட்டிடமோ கடைகளுக்காகக் கட்டியது! மேல் மாடிகள் அனுமதி இல்லாமல் எழுப்பியவை. அங்கே கனமான ஜெனரேட்டர்களையும் ஏற்றி வைத்து இருந்தார்கள்.

2013 ஏப்ரல் 23-ந் தேதி கட்டிடத்தில் விரிசல் கண்டது. பாங்கி தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. ஆலைத் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் வரச் சொன்னார்கள். வராவிட்டால் சம்பளம் போய்விடுமே! பயந்துகொண்டே வந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள்.

24-ந் தேதி காலை மின்சாரம் நின்றது. ஜெனரேட்டர்கள் ஓடின. 9 மணிக்குச் சற்று முன் கட்டிடம் சரிந்து விழுந்தது. 1,100-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

சான்றிதழ் என்ன ஆயிற்று?

அந்த ஆலைகளில் சிலவற்றை முன்பே தணிக்கை செய்து இருந்தார்கள். ஆனால் தணிக்கைக்காரர்கள் கட்டிடத்தின் உறுதியைப் பார்க்கவில்லை. அது தங்கள் வேலை அல்ல என்றார்கள். நல்ல தணிக்கை!

வங்காளதேசம் 100 ரூபாய்க்கு ஏற்றுமதி செய்தால், அதில் சுமார் 80 ரூபாய் ஆடைதான். ஆகவே, வாங்கும் நாடுகள் வாய் திறந்தால் அங்கே அரசாங்கம் கேட்டே தீர வேண்டும்.

அதே ஆண்டு ஜூனில் அமெரிக்கா தன் வரிச் சலுகையை நிறுத்தியது. ஆனால் அந்தச் சலுகைப் பட்டியலில் ஆயத்த ஆடைக்கு இடமே கிடையாது! ஐரோப்பாவின் பிடி வேறு. அங்கே வங்காளதேச ஆடைக்கு வரியே இல்லை. "அந்தச் சலுகை நீடிக்க வேண்டுமானால் தொழிலாளர்களைக் காப்பாற்று" என்பதே ஐரோப்பா சொன்னதன் பொருள். ஜூலையில் உடன்பாடு ஏற்பட்டது. தொழிலாளர் சட்டம் திருத்தப்பட்டது.

அதற்கு முன் ஒரு வினோத விதி இருந்தது. சங்கம் பதிவு செய்தால், அதன் நிர்வாகிகளின் பெயர்கள் முதலாளிக்கே போய்விடும்! பிறகு அவர்கள் கதி என்ன ஆகும்? திருத்தத்தில் அந்த விதி ஒழிந்தது.

இன்ஜினீயர்கள் வந்தார்கள்

ஆடை வாங்கும் கம்பெனிகள் 200-க்கு மேல் தொழிற்சங்கங்களோடு ஒப்பந்தம் போட்டன. மீறினால் வழக்குப் போடலாம். இன்ஜினீயர்கள் 1,600-க்கு மேற்பட்ட ஆலைகளைச் சோதித்தார்கள். குறைகளை எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டார்கள். சரிசெய்ய மறுத்த ஆலையிடம் எந்தக் கம்பெனியும் வாங்கக் கூடாது. பழுது பார்க்க ஆலையை மூடினால், 6 மாதம் வரை தொழிலாளிக்குச் சம்பளம் உண்டு. பின்னர் பாகிஸ்தானுக்கும் இந்த முறை சென்றது.

ஆனால் பழுதுச் செலவில் பெரும்பகுதி ஆலைக்காரர் தலையில் விழுந்தது. "கட்டிடத்தைப் பலப்படுத்து" என்ற கம்பெனிகள், சட்டைக்கு விலையைக் கூட்டித்தரத் தயங்கின.

சம்பளம்? விபத்தின்போது குறைந்தபட்சம் மாதம் 3,000 டாக்கா. அந்த ஆண்டு டிசம்பரில் 5,300 ஆயிற்று. 2023-ல் 23,000 கேட்டுத் தொழிலாளர்கள் தெருவில் இறங்கினார்கள். கிடைத்தது 12,500.